ரானி வான் ஸான்ட் (1948–1977)

புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பாடகராக, 1964-இல் அக்கம்பக்கத்துப் பையன்களோடு தொடங்கிய ராக் இசைக்குழு, பிற்பாடு ‘லினர்ட் ஸ்கினர்ட்’ ஆனது. தலைமுடி வளர்த்த மாணவர்களைக் கண்டித்துவந்த உடற்பயிற்சி ஆசிரியர் லெனர்ட் ஸ்கின்னரின் பெயரைக் குறும்பாகத் திரித்து வைத்தது அது.

ஒத்திகை நடந்தது கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் அருகே, ஒரு தகரக் கூரைக் குடிலில். புளோரிடா வெயிலில் உள்ளே அனல் பறக்கும்; ‘நரக வீடு’ என்றே அழைத்தார்கள். மேடையில் அனாயாசமாகத் தோன்றும் குழுவின் மூன்று கிதார் பின்னல், இந்தப் புழுக்கத்தில் மணிக்கணக்காக வாசித்து வாசித்துப் படிந்தது. ரானி பாடல் வரிகளைத் தாளில் எழுதமாட்டார். மனத்திலேயே கட்டி, நினைவிலிருந்து பாடுவார். பெரும்பாலும் வெறுங்காலோடுதான் மேடையேறுவார்.

1974-இல் வெளியான ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ பாடல் அமெரிக்கத் தரவரிசைப் பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியது. தென் மாநிலங்களைப் பாடல்களில் சாடிய பாடகர் நீல் யங்குக்கு அது பதிலடி. இருவருக்கும் பகை என்று நினைப்பவர்கள் குழுவின் ‘ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்’ இசைத்தட்டின் உறையைக் கவனிக்கவும்: ரானி அணிந்திருப்பது நீல் யங் படம் போட்ட டி-சட்டை!

அந்த உறையில் குழுவினரைச் சுற்றித் தீ எரிகிறது. தட்டு வெளியான மூன்றாம் நாள், 1977 அக்டோபர் 20 அன்று, அவர்கள் சென்ற விமானம் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. இறந்த ஆறு பேரில் ரானியும் ஒருவர், வயது 29. இசைத்தட்டு நிறுவனம் தீயை நீக்கி, கறுப்புப் பின்னணியில் உறையை மாற்றியது.

1987-இல் குழு மீண்டும் கூடியபோது, பாடகராக வந்தவர் ரானியின் தம்பி ஜானி.