கூத்தும் பத்திரிகைக் கண்ணும்

1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. நவம்பரிலே பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பில் அரங்கேறிற்று. சட்டம் பிரித்த இரு மொழியினரின் பழைய உறவுக்கு அம்மேடை சான்றாய் நின்றது. ‘மனமே’க்கு அடிப்படையான ‘நாடகம’ என்னும் சிங்கள ஆட்டவடிவம் தமிழ்க் கூத்தின் வழிவந்தது. இதனை ஆராய்ந்து கூறியவரும் சரச்சந்திரவே.

நாடகத்தைப் போற்றும் பத்திரிகை எழுத்தாளன் இவ்வுறவைக் கூறாது விடின், வாசகன் இழப்பது வெறுங் குறிப்பொன்றன்று. அயலானைத் தன் உறவினனாய்க் காணும் வாய்ப்பினையே இழக்கின்றான்.

பிறரை மட்டும் குறைகூறி நாம் தப்பவியலாது. மட்டக்களப்புக் கூத்தினைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலே பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்த பின்னரே நம் நகரத்தார் பலர் அதனைக் கலையென மதித்தனர். மலையகத் தோட்டங்களிலே ஆடப்படும் காமன் கூத்துக்கு நம் கலைப்பக்கங்கள் எத்துணை இடம் அளித்தன? நம்முள்ளேயே சிலரைக் காணாத கண், பிறர் நம்மைக் காணவில்லையென்று கலங்குதல் தகுமோ?

ஆடினவர் யார், ஆட்டுவித்த அண்ணாவியார் யார், அவ்வடிவம் எவரிடமிருந்து வந்தது என்னும் மூன்றையும் எழுதுதல் விமரிசகன் கடன். மாணாக்கர் தம் பாடசாலை விழாவைப்பற்றி எழுதும்போதே இப்பழக்கத்தைத் தொடங்குவாராக.