சுமை சுமந்த கரடியும் சிவப்புக் குல்லாயும்

பூசை வேளையில் கரடி புகுந்தாற்போல என்பது நம் நாட்டு வழக்கு. பவேரியாவின் கத்தோலிக்கர் போற்றும் கரடியோ திருப்பயணம் ஒன்றின் நடுவே புகுந்தது. 8ஆம் நூற்றாண்டில் பிரைசிங் நகரின் ஆயராக விளங்கிய புனித கொர்பினியன் உரோமைக்குச் செல்கையில், அவருடைய மூட்டை சுமந்த குதிரையைக் கரடி ஒன்று கொன்றுவிட்டதாம். புனிதர் அதனைக் கடிந்து, மூட்டையை அதன் முதுகிலேயே ஏற்றினாராம். உரோமையை அடைந்ததும் அதனை அவிழ்த்துவிட்டார் என்பது மரபு. கதைதானே என்று தள்ளிவிடலாகாது. அக்கரடி பின்னர் ஒரு பாப்பரசரின் விருதுச் சின்னத்தில் இடம்பெற்றது.

1977இல் மூனிக்-பிரைசிங் பேராயரான யோசேப்பு ராட்சிங்கர், நூல்களோடு வாழ விரும்பிய பேராசிரியர். புனித அகுஸ்தீனாரும் அத்தகையவரே; அமைதியாகக் கற்றிருக்க விழைந்தவரை இப்போ நகர மக்கள் வற்புறுத்திக் குருவாக்கினர். 73ஆம் சங்கீதத்தில் வரும் விலங்கை, இறைவனுக்காகச் சுமை இழுக்கும் விலங்காகவே அவர் கண்டார். சுமை இழுப்பதாலேயே அது தலைவனுக்கு அருகில் நிற்கிறது. இதனையும் கொர்பினியனின் கரடியையும் ராட்சிங்கர் ஒருங்கே எண்ணித் தம் நிலையை உணர்ந்தார்.

1982இல் உரோமைக்குச் சென்றவர், பின்னர்ப் பன்முறை விடை கேட்டார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இசையவில்லை. 2005 ஏப்ரல் 19 அன்று, தமது 78ஆம் வயதில், விடைக்குப் பதிலாக அதனினும் பெரிய சுமை அவர் தோளில் ஏறியது. மறு ஆண்டு மூனிக் நகர் சென்றபோது, கரடியை உரோமையில் விட்டுவிட்டார்கள், என் வகையில் ஆண்டவர் வேறு விதமாய்த் தீர்மானித்துவிட்டார் என்னும் கருத்துப்படப் பேசினார். முறையீட்டை இவ்வளவு இனிமையாகச் சொல்ல எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

இனிக் குல்லாயின் செய்தி. 2005 டிசம்பரில் 16ஆம் ஆசீர்வாதப்பர், வெண்மயிர்க் கரையிட்ட சிவப்பு வெல்வெட் குல்லாய் அணிந்து மக்கள்முன் தோன்றினார். 23ஆம் அருளப்பருக்குப் பின் எவரும் அணியாத குல்லாய் அது. கிறிஸ்துமஸ் தாத்தா என்றன பத்திரிகைகள். பழைமைக்குத் திரும்புகிறாரோ என்று ஆராய்ந்தோரும் உண்டு. 2010இல் வெளிவந்த பேட்டி நூலில் அவர் தந்த விளக்கம் மிக எளியது: தலை குளிர்ந்தது, குல்லாய் கையருகே இருந்தது, அணிந்துகொண்டேன். வீண் பொருள் கற்பிப்பார்களே என்று அதன்பின் அதனைத் தொடவில்லையாம். ஊரார் வாய்க்கு அஞ்சி உண்டு உடுக்கும் நமக்கு இது பெரும் விடுதலையாகத் தோன்றுகிறது.

2013 பிப்ரவரியில் அவர் தாமே பணி துறந்தார். ஏறத்தாழ 600 ஆண்டுகளாக எந்தப் பாப்பரசரும் அவ்வாறு செய்ததில்லை. சுமையைக் கீழே போட்டுவிட்டார் என்று சிலர் குறை கூறினர். அவரோ, தாம் சிலுவையை விட்டு அகலவில்லை என்றும், தனி வாழ்வுக்குத் திரும்புதல் தமக்கு இல்லை என்றும் விடைபெறும் உரையில் கூறினார். அவிழ்த்துவிட்ட கரடி காட்டுக்குப் போகவில்லை. வத்திக்கான் மடம் ஒன்றில் செபத்தில் அமர்ந்தது. 2022 டிசம்பர் 31 அன்று இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

பணி துறந்த பின்னும் வெள்ளை அங்கி ஏன் என்று பத்திரிகையாளர் ஒருவர் 2014இல் எழுதிக் கேட்டார். அப்போது வேறு உடை கைவசம் இல்லை என்று பதில் வந்தது.