பூனைக்குட்டிகளின் மலசலக் கோளாறுகள்

தாயிழந்த பூனைக்குட்டிகளைச் சிறுவர்கள் அட்டைப் பெட்டியில் இட்டுப் பள்ளிக்கூடத்திற்குக் கொணர்வதுண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. பாலூட்டியும் குட்டி வயிறு உப்பிக் கத்திக் கத்தி இறந்துவிட்டால், பால் சேரவில்லை என்பர். அது மலசலம் கழிக்க இயலாமல் துன்புற்றிருக்கக்கூடும் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

பிறந்து ஏறத்தாழ மூன்று வாரம் வரை பூனைக்குட்டி தானாகக் கழிவகற்ற வல்லதன்று. தாய் தன் நாவினால் அதன் அடிப்பகுதியை நக்கும் தூண்டுதலாலேயே மலசலம் வெளிப்படும். தாயில்லாதவிடத்து அவ்வேலையை வளர்ப்பவரே ஏற்றல் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினாலோ மெல்லிய துணியினாலோ, ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும், கழிவுத் துவாரங்களை ஒரு நிமிட நேரம் மெல்லத் தடவுக. அழுத்தித் தேய்த்தால் தோல் புண்ணாகும். சிறுநீர் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வரும். மலம் நாளுக்கு ஒருமுறையேனும் வருதல் இயல்பு. சிறுநீர் அடர்மஞ்சளாயின் உடலில் நீர் குறைந்துள்ளது என்று அறியலாம். இரண்டு நாள் மலம் வராது வயிறு கெட்டிப்பட்டால் மருத்துவரிடம் காட்டுக. விளக்கெண்ணெய் முதலியவற்றை வீட்டில் புகட்டலாகாது.

இவ்வட்டாரத்தார் பூனையைப் 'பூச்சை' என்பர். 'பூசை' என்பது பழந்தமிழ் வழக்கே. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசைக்குக் கம்பர் தம்மை ஒப்பிட்டதும் நினைவுக்கு வரும். ஆனால் பசும்பால் பூனைக்குட்டிக்கு ஏற்றதன்று. அதில் புரதம் பூனைப்பாலைவிட வெகு குறைவு, பேதியையும் உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவே தக்கது. உடல் குளிர்ந்திருந்தால் முதலில் வெப்பமூட்டுக, பின்னரே பால். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.

பேதியே மிகவும் அஞ்சத்தக்கது. பிறக்கும்போது சுமார் 100 கிராம் எடையே உள்ள உயிர், நீரிழப்பை ஒரு நாள்கூடத் தாங்காது. ஈறு உலர்ந்து ஒட்டுதல், பால் குடியாமை, சோர்வு ஆகியவை தோன்றினால் தாமதம் கூடாது. உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டியை அடைகிறது. மலத்தில் சேமியா போன்ற வெண்புழுக்கள் தென்படலாம். மூன்று வாரம் முதற்கொண்டு, எடைக்கேற்ப மருத்துவர் குறிக்கும் புழுமருந்தை இரு வாரத்திற்கொருமுறை கொடுப்பது வழக்கம். வாந்தியுடன் இரத்தப்பேதியும் கண்டால், தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா நோயோ என ஐயுறுக. மனிதருக்குரிய பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. எல்லையின் எப்புறத்ததாயினும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கே செல்க. புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுதல் நோயறிய உதவும்.

மூன்று, நான்கு வாரத்தில் குட்டி மண்ணைக் கிளறத் தொடங்கும். ஆழமற்ற தட்டில் உலர்ந்த மணலிட்டு வைத்தால் விரைவில் பழகிவிடும். மலத்தை அன்றன்றே அகற்றுக; டாக்ஸோபிளாஸ்மா கிருமி, வெளிப்பட்டு ஒரு நாளேனும் கழிந்த பின்னரே பிறரைத் தொற்றும் நிலையை அடைகிறது. கர்ப்பிணிகள் இவ்வேலையைப் பிறரிடம் விடுதல் நலம். வீடு கட்டக் குவித்த மணலிலும் பூனைகள் மலங்கழிக்கும். அதிலுள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், வெறுங்காலுடன் விளையாடும் சிறுவரின் தோலுக்குள் புகுந்து, அரிப்புடன் ஊர்ந்து செல்லும் தடிப்பை உண்டாக்கும். ஆதலின் மணற்குவியலை இரவில் தார்ப்பாயினால் மூடி வைக்க வேண்டும்.