மருந்தால் வரும் தொண்டை வீக்கம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். ஆனால் அளவோடு உண்ட மருந்தும் சிலருக்குத் தொண்டையை அடைக்கக்கூடும் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணும் முதியோர் பலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவ்வகை மாத்திரைகளில் எனாலாப்ரில், ராமிப்ரில் முதலியன ஒரு குடும்பம். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்த குடும்பம் இது! இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் இவை நன்மை செய்கின்றன. ஆயினும் உண்போரில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கு உதடு, நாக்கு, தொண்டை ஆகியவை திடீரென வீங்குகின்றன.

காரணம் என்ன? நம் உடலில் பிராடிகைனின் என்ற பொருள் உண்டு. அது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீரைக் கசியச் செய்யும். அதை அழிக்கும் நொதியை இம்மாத்திரை தடுக்கிறது. பிராடிகைனின் தேங்கினால் வீக்கம் உண்டாகிறது. இது முதல் வாரத்திலும் வரலாம். பல ஆண்டுகள் உண்ட பின்னரும் வரலாம். அதனால்தான் பலர் முதல் நாள் உண்ட மீனையோ கத்தரிக்காயையோ பழித்துவிட்டு, மாத்திரையைத் தொடர்கின்றனர்.

பெனிசிலின் போன்ற மருந்துகளின் ஒவ்வாமை வேறு வகை. அதில் சில நிமிடங்களிலேயே அரிப்பும் தடிப்பும் மூச்சுத் திணறலும் தோன்றும். தொடையில் உடனே போடும் அட்ரினலின் ஊசி உயிர் காக்கும். 'ப்ரில்' வீக்கத்திலோ அரிப்பு இராது. அந்த ஊசியும் ஒவ்வாமை மருந்துகளும் அதிகம் பயன் தருவதில்லை. எவ்வகை எனத் தெளிவாகாதபோது மருத்துவர்கள் அட்ரினலினைத் தாமதியாமல் கொடுப்பர். மாத்திரையை நிறுத்தி, தொண்டை முழுதும் அடைபடுமுன் குழாய் செலுத்தி மூச்சுவழியைக் காப்பதே முதன்மையான சிகிச்சை. குழாய் நுழையாவிடில் கழுத்தின் முன்புறம் துளையிடுவர்.

குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கூடலூர், கம்பம் பகுதியினருக்குத் தேனியைக் கடந்து க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவு. ஆகவே காலம் கடத்தலாகாது. நோயாளியை உட்கார வைக்க வேண்டும். கஷாயமோ தண்ணீரோ புகட்டலாகாது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

ஒருமுறை வீங்கியவர் அக்குடும்ப மாத்திரையை மீண்டும் உண்ணவே கூடாது. மற்றவர்கள் அச்சத்தால் தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறு. தோழியரே, நம் தாத்தா பாட்டியின் மாத்திரைப் பெயர்களை இன்றே எழுதி வைப்போம். அவர்தம் மூச்சைக் காப்போம்!