தக்காளி வாடல் நோயும் அக்கிருமியின் மயிரிழைகளும்

ஹேவாஹெட்டப் பகுதியில் தேயிலைச் சரிவுகளை அடுத்துள்ள நிலங்களில் தக்காளி, கத்தரி, கறிமிளகாய் ஆகியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரர் ஒரு காட்சியை நன்கறிவர். காலையிற் செழிப்புடன் நின்ற செடி நண்பகலில் தலைசாய்கின்றது. இரவில் மீண்டும் நிமிர்கின்றது. இவ்வாறு சில நாட்கள் கழிந்தபின், இலைகள் பச்சை நிறம் மாறாமலே செடி முற்றாக வாடி மடிகின்றது. நீர் போதவில்லையென எண்ணி மேலும் நீர் பாய்ச்சுவோர் பலர். அந்நீர் செடிக்கு உதவுவதில்லை; நோய்க்கிருமிக்கே உதவுகின்றது. அஃது எவ்வாறென்பதை அறிய, அக்கிருமியின் உடலிலுள்ள நுண்ணிய இழைகளைப்பற்றி அறிதல் வேண்டும்.

இந்நோய் பற்றீரியா வாடல் எனப்படும். இதனை விளைவிக்கும் பற்றீரியத்தை 1896இல் அமெரிக்க அறிஞர் எர்வின் சிமித் விவரித்தார். இன்று அது றல்ஸ்ரோனியா சொலனேசியாறம் என அழைக்கப்படுகின்றது. கோல் வடிவான இக்கிருமியின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்நூறிலொரு பங்காகும்.

இம்மலைகளிற் கோப்பிச் செய்கையை அழித்த இலைத்துரு நோய் 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியிலேயே உள்ளது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை நிரப்பிய வரலாறு யாவரும் அறிந்ததே. அத்துரு ஒரு பங்கசு. அதன் வித்திகள் காற்றிலேறி மலைகளைத் தாண்டிச் சென்றன. வாடற் பற்றீரியமோ அவ்வாறு காற்றிற் பரவுவதன்று. அது தானே செல்லக்கூடிய தூரமெல்லாம் ஈரமான மண்ணில் நீந்திச் செல்லும் சிறு தூரமே. எஞ்சிய பயணத்தை ஓடும் நீரும், மண்வெட்டியும், மனிதர் கால்களும், விதைக்கிழங்குமே அதற்கு நடத்திக் கொடுக்கின்றன. எனவே மேற்பாத்தியில் நோய் கண்டால் கீழ்ப்பாத்திக்காரர் விழிப்படைதல் வேண்டும்.

நீந்துவதற்கு உதவும் இழை சவுக்குமுளை எனப்படும். இது கிருமியின் ஒரு முனையில் ஒன்றாகவோ சிலவாகவோ அமைந்துள்ளது. மீனின் வாலைப்போல் இது இருபுறமும் அசைவதன்று. அடியிலுள்ள நுண்ணிய பொறியொன்றினாற் சுழற்றப்பட்டு, படகின் சுழலியைப்போல் உடலை உந்துகின்றது. வேர்கள் மண்ணிற் கசியவிடும் வெல்லங்களையும் அமிலங்களையும் உணர்ந்து, கிருமி அவை மிகுந்த திசையை நாடிச் செல்லும். பின்னர் வேர்நுனியிலும், பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்திலும், வட்டப்புழுவோ மண்வெட்டியோ ஏற்படுத்திய காயத்திலும் உட்புகும்.

2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. சவுக்குமுளை அமையாதவாறு மாற்றப்பட்ட கிருமியை மண்ணில் ஊற்றியபோது தக்காளிச் செடிகளில் நோய் பெரிதும் குறைந்தது. அதே கிருமியைத் தண்டினுள் நேராகச் செலுத்தியபோது செடிகள் வழமைபோல் வாடின. ஆகவே நீந்தும் ஆற்றல் உள்ளே நுழைவதற்கே இன்றியமையாதது. தக்காளியின் பக்கத்தளிர்களைக் கத்தியால் நறுக்குவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நோயுற்ற செடியில் வைத்த கத்தியை அடுத்த செடியில் வைப்பவர், அவ்வாய்வாளர் ஊசியாற் செய்ததையே தம் தோட்டத்திற் செய்கின்றார்.

இரண்டாவது வகை இழைகள் இன்னும் மெல்லியவை, மயிர் போன்றவை. இவை சுழல்வதில்லை. நீண்டு சென்று ஒரு பரப்பிற் பற்றிக்கொண்டு, பின் உள்ளிழுக்கப்படும். அவ்விழுப்பினால் உடல் முன்னே நகரும். கயிற்றை எறிந்து பற்றி மலையேறுபவனை இஃது ஒக்கும். இவ்விழைகளை இழந்த கிருமிகள் தக்காளியை மெதுவாகவே வாட்டின. மூன்றாவதாக, ஊசிபோன்ற இழையொன்றும் உண்டு. அதன் வழியாகக் கிருமி தன் புரதங்களைத் தாவரக் கலத்தினுட் செலுத்தி, அதன் எதிர்ப்பை அடக்குகின்றது.

காழ்க் குழாயை அடைந்து கூட்டம் பெருகியபின் அவற்றுட் பெரும்பாலானவை நீந்துவதை விடுகின்றன. பசை சுரக்கத் தொடங்குகின்றன. அப்பசை குழாய்களை அடைத்துவிடுவதால் வேரில் நீரிருந்தும் அது இலைக்கு ஏறுவதில்லை. பாத்தியில் எத்துணை நீர் பாய்ச்சினும் பயனின்மைக்குக் காரணம் இதுவே.

நோயை ஐயமற அறிய எளிய சோதனையுண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அதன் வெட்டுமுனை நீரைத் தொடுமாறு தொங்கவிடுக. சில நிமிடங்களிற் பால்போன்ற வெண்ணிற நூல்கள் கீழிறங்குமாயின் அது பற்றீரியா வாடலே. பங்கசினால் உண்டாகும் வாடலில் இந்நூல் தோன்றாது. உருளைக்கிழங்காயின் குறுக்கே வெட்டி அழுத்துக. நோய் முற்றிய கிழங்கில் தோலுக்குச் சற்று உள்ளே கபில வளையமும் வெண்கசிவும் காணப்படும். எனினும் குளிர்ந்த மேட்டுநிலக் கிழங்குகளில் எக்குறியுமின்றியே கிருமி தங்கியிருத்தல் கூடும். ஆதலால், வெட்டிப் பார்த்தேன், நன்றாயிருந்தது என்று சொல்லி அயலவரிடம் விதைக்கிழங்கு வாங்குதல் தகாது. உறுதிப்படுத்தப்பட்ட விதையே வேண்டும்.

நோய்கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவுமில்லை. மருந்தென்று விற்பதை வாங்கிப் பணத்தை இழக்க வேண்டாம். செடியை வேரோடும் வேரைச் சூழ்ந்த மண்ணோடும் அகழ்ந்து சாக்கிலிட்டு அகற்றுக. ஓடையில் எறிதல் கூடாது. அப்பாத்தியின் நீர் கீழ்ப்பாத்திக்குட் பாயாதவாறு குறுக்கு வடிகால் வெட்டுக. அந்நிலத்தில் அடுத்த போகங்களிற் சோளம், கோவா, லீக்ஸ், கரட் போன்றவற்றை இடுக. தக்காளிக்குப்பின் கத்தரியோ கறிமிளகாயோ இடுவது பயிர்மாற்றமாகாது. இவையாவும் ஒரே குடும்பத்தன. இஞ்சியையும் இக்கிருமியின் ஒருவகை தாக்கும். தானாக முளைக்கும் உருளைக்கிழங்குச் செடிகளையும் பிடுங்கிவிடுக. நோய் நிலைத்துவிட்ட நிலத்தில், எதிர்ப்புள்ள கத்தரி இனங்களில் ஒட்டிய தக்காளி நாற்றுகளை நடுதல் தைவானிலுள்ள உலக மரக்கறி நிலையத்தினாற் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. தங்கள் பகுதிக்கேற்ற ஒட்டுக்கட்டையை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

நோயுள்ள பாத்தியில் நாளின் இறுதியிலேயே வேலை செய்க. முடிந்ததும் மண்வெட்டியிலும் பாதணியிலும் ஒட்டிய மண்ணை அவ்விடத்திலேயே சுரண்டி நீக்கி, வெளிற்றும் தூள் கரைத்த நீரிற் கழுவியபின் வீடு திரும்புக.