டிராக்டர் என்ஜினில் எண்ணெய்க் கசிவு: சம்ப் பேக்கிங்கைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மரவள்ளி பிடுங்கும் பருவம் வந்துவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. பிடுங்கிய கிழங்கை உடனுக்குடன் சேகோ ஆலைக்குச் சேர்த்தாக வேண்டும். மண்ணை விட்டு வெளியே வந்த இரண்டு, மூன்று நாட்களிலேயே கிழங்கின் உள்ளே கருநீல நரம்பு ஓடிக் கெடத் தொடங்கும். அந்த நேரத்தில் என்ஜின் நின்றுவிட்டால் நட்டம் என்ஜினோடு நிற்பதில்லை.

என்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைப் பட்டறையில் 'சம்ப்' என்பார்கள். சம்ப்பும் என்ஜினும் சேரும் இடத்தில் கார்க், ரப்பர் அல்லது தாளால் ஆன பேக்கிங் இருக்கும். இங்கே கசிந்தால் 'சொட்டுதானே' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 5 வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு 720 சொட்டு. 25 சொட்டு ஒரு மில்லி லிட்டர் எனக் கொண்டால், 8 மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய கால் லிட்டர் போய்விடும். அளவுக் குச்சியின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பல என்ஜின்களில் ஓரிரு லிட்டர்தான் உள்ளது. ஒரு வாரம் பாராமல் விட்டால் எண்ணெய் அழுத்தம் குறைந்து, கிராங்க் தண்டின் பேரிங் பிடித்துக்கொள்ளக்கூடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

புதிய பேக்கிங் போட்ட பின்பும் கசிகிறது என்பது உழவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. பெரும்பாலும் குற்றம் பேக்கிங்கில் இல்லை. அழுக்கான பரப்பு, வளைந்த விளிம்பு, அளவுக்கு மீறிய முறுக்கு ஆகிய மூன்றுமே காரணம்.

முதலில் கசியும் இடத்தை அறிக

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். வால்வு மூடியில் கசிந்தாலும் சம்ப்பின் அடியில்தான் சொட்டும். ஆகவே என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து நன்கு உலரவிடுங்கள். பிறகு சம்ப்பின் ஓரங்களிலும் அதற்கு மேலும் முகப்பவுடரைத் தூவி, 10 நிமிடம் என்ஜினை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். முதலில் நனையும் இடமே கசியும் இடம். கிளட்ச் பெட்டியின் அடித் துளையில் என்ஜின் எண்ணெய் சொட்டினால் அது பின்பக்க ஆயில் சீலின் பழுது. சம்ப் பேக்கிங்கை மாற்றிப் பயனில்லை.

என்ஜினின் மூச்சுக் குழாயையும் பாருங்கள். செம்மண் புழுதியில் உழும்போது இது அடைபடுவதுண்டு. அடைபட்டால் உள்ளே காற்றழுத்தம் கூடி, நல்ல பேக்கிங்கையும் மீறி எண்ணெய் வெளியேறும்.

ஓர் எச்சரிக்கை

சில டிராக்டர்களில் சம்ப் கனமான வார்ப்பிரும்பால் ஆனது. முன் அச்சின் பாரத்தையும் அதுவே தாங்குகிறது. அதைக் கழற்றினால் வண்டி இரண்டாகப் பிரியும். இது பட்டறை வேலை. தகட்டால் ஆன சம்ப்பை மட்டுமே வீட்டில் கழற்றலாம். பம்புசெட்டுக்கான சிறிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் தனி சம்ப் இராது. பக்கத்து மூடிக்கு மட்டும் பேக்கிங் இருக்கும். அதற்கும் கீழ்க்கண்ட முறையே பொருந்தும்.

கழற்றுதல்

சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து வரும். வடித்த எண்ணெயை வரப்பிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாமல், கேனில் பிடித்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள்.

போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். சம்ப் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள். திருப்புளியைச் செருகி நெம்பினால் விளிம்பு வளையும். பரப்பில் கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி.

இறக்கிய சம்ப்பின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் பேரிங் தேய்ந்துள்ளது என்று பொருள். மேற்கொண்டு செல்லாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பரப்பைத் தயாரித்தல்

வேலையில் முக்காற்பங்கு இதுவே. பழைய பேக்கிங்கையும் பசையையும் மழுங்கிய தகட்டால் சுரண்டுங்கள். துகள் என்ஜினுக்குள் விழாதபடி துணி கட்டிக்கொள்ளுங்கள். சம்ப்பையும் எண்ணெய் வடிகட்டும் வலையையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். கடைசியாக இரு பரப்புகளையும் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். அருகில் நெருப்போ பீடியோ கூடாது. விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாகாது. போல்ட் துளைகளில் எண்ணெய் தேங்கியிருந்தால் துணித் திரியால் ஒற்றி எடுங்கள். இல்லையேல் போல்ட் இறுகியது போலத் தோன்றும். உண்மையில் பேக்கிங் பிடித்திருக்காது.

நேரான பட்டையை விளிம்பின் மீது வைத்துப் பாருங்கள். முன்பு அதிகமாக முறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றி விளிம்பு மேடாகியிருக்கும். விளிம்பைத் தட்டையான மரக்கட்டையின் மீது வைத்துச் சிறு சுத்தியால் தட்டிச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் எத்தனை பேக்கிங் போட்டாலும் கசியும்.

பொருத்துதல்

லாரித் தொழில் மிகுந்த நாமக்கல், சங்ககிரி பகுதிகளில் பேக்கிங் கிடைப்பது கடினமன்று. பழைய பேக்கிங்கைக் கொண்டுபோய், தடிமனும் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் நெடுநாள் இருந்த கார்க் சுருங்கியிருந்தால் வெந்நீரில் சற்று ஊறவைத்துத் துடைத்தால் பழைய அளவுக்கு வரும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பேக்கிங் வைக்காதீர்கள்.

பேக்கிங் நழுவாதிருக்கச் சம்ப் பக்கத்தில் மட்டும் பசையை மெல்லிய படலமாகப் பூசுங்கள். முன் மூடியும் பின் பேரிங் மூடியும் சேரும் மூலைகளில் மட்டும் சிறிதளவு சிலிகான் பசை இடலாம். நிறையப் பூசினால் நன்மை என்று எண்ண வேண்டாம். உள்ளே பிதுங்கும் பசை உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

இருவராகச் சம்ப்பைத் தூக்கி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, எதிரும் புதிருமாக, மூன்று சுற்றுகளில் முறுக்குங்கள். இயந்திரக் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. பொதுவாக, தகட்டு சம்ப்பில் 10-ஆம் எண் ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 1 கிலோகிராம்-மீட்டருக்கு மேல் தேவைப்படாது. அதாவது 15 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 7 கிலோ அளவு இழுப்பு. பேக்கிங் வெளியே பிதுங்கினால் முறுக்கு மிஞ்சிவிட்டது என்று அறியுங்கள்.

வடிகால் பிளக்குக்குப் புதிய செம்பு வாஷர் போடுங்கள். சிலிகான் பசை இட்டிருந்தால் அதன் குழாயில் குறித்துள்ள நேரம் வரை காத்திருந்து எண்ணெய் ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. 15 நிமிடம் மெதுவாக ஓட்டி, எண்ணெய் அழுத்தத்தையும் ஓரங்களையும் கவனியுங்கள். என்ஜின் ஆறியபின் தளர்ந்த போல்ட்டுகளை ஒருமுறை மட்டும் சரிபாருங்கள்.

இவ்வேலையைப் பருவம் தொடங்குமுன் முடித்துக்கொள்ளுங்கள். கிழங்கு ஏற்றிய வண்டி வழியில் நிற்கும்போது பரப்பைத் துடைக்கவும் விளிம்பைச் சமமாக்கவும் பொறுமை இருக்காது. அன்றாடம் காலையில் அளவுக் குச்சியைப் பார்ப்பதும், வண்டி நின்ற இடத்துத் தரையைப் பார்ப்பதும் செலவில்லாத காவலாகும்.