கண்ணன் கண்ணம்மா ஆனபோது

பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தம் விருப்பம்போல் புதுக்கதை புனைவதை ரசிகர் புனைவு என்பர். தொலைக்காட்சித் தொடரில் ஆணாக வந்தவரைப் பெண்ணாகவும், பெண்ணாக வந்தவரை ஆணாகவும் மாற்றி எழுதுவது அதில் ஒரு வகை. வீண் வேடிக்கை என்று இதை ஒதுக்குவாரும் உளர். ஷெர்லாக் ஹோம்சின் தோழர் டாக்டர் வாட்சன் உண்மையில் ஒரு பெண்ணே என்று, அமெரிக்க எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட் 1941-இல் ஹோம்ஸ் அன்பர்களின் கூட்டத்தில் வாதிட்டது வேடிக்கைதான். ஆனால் 2012-இல் தொடங்கிய ‘எலிமென்டரி’ தொடரில் வாட்சன் பெண்ணாகவே வந்துவிட்டார்!

நம் நெல்லைச் சீமைக்கு இது புதிதன்று. தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரியில் தோன்றிய நம்மாழ்வார் தம்மையே பராங்குச நாயகியாக்கிப் பாடினார். எனினும் அங்கே மாறியது பாடியவரின் பால். திருமால் திருமாலாகவே இருந்தார். பாத்திரத்தையே மாற்றத் துணிந்தவர் பாரதி. எங்கள் முக்கூடலுக்கு அண்மையிலுள்ள கடையத்தில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்தாரே, அவர்தாம். அதற்கு முன்பே, 1917-இல், அவருடைய ‘கண்ணன் பாட்டை’ப் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்டிருந்தார்.

அந்நூலில் கண்ணன் தோழன், தந்தை, சேவகன், சீடன் எனப் பல உறவுகளில் வருகிறான். தாயாக வரும்போதுகூடப் பெயர் கண்ணன்தான். குழந்தை, காதலி, குலதெய்வம் என்னும் மூன்று நிலைகளில் மட்டும் கண்ணம்மா ஆகிறான். பெயர் மாறியதும் என்ன நேர்கிறது? காதலியின் முகத்தில் ஒரு திரை வந்து விழுகிறது. அதை விலக்கச் சொல்லிக் கவிஞர் வாதாட வேண்டியிருக்கிறது. வெண்ணெய் திருடிய கண்ணனை முகத்தை மூடிக்கொள் என்று யாரேனும் சொன்னதுண்டா? ஆளை மாற்றாமல் பாலை மட்டும் மாற்றினால், ஊர் அவள்மேல் போடும் கட்டுகள் பளிச்செனத் தெரிந்துவிடுகின்றன. இவ்வகைக் கதைகளின் பயனே அதுதான் என்பது என் துணிபு.

வேறொரு பாட்டில் கண்ணம்மா பின்னே வந்து நின்று காதலனின் கண்களைப் பொத்துகிறாள்; கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். ஆயர்பாடிக் குறும்பு அப்படியே இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. பெயரை மாற்றி, சேலை உடுத்தி, நாலு முழம் பூவும் வைத்துவிட்டால் பாத்திரம் பெண்ணாகிவிட்டது என்றெண்ணும் கதைகளும் வருகின்றன. அவற்றில் குறும்பும் இராது, கோபமும் இராது. பழைய ஆள் எங்கே போனான் என்று தேட வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொடர் பார்க்கும் அக்காமார் இக்கலையில் கைதேர்ந்தவர்கள். கதாநாயகன் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறான், மறுநாள் மன்னிக்கப்படுகிறான். “இதையே ஒரு பொம்பளை செஞ்சிருந்தா?” என்று ஒருத்தி தொடங்குவாள். மாமியார் என்ன சொல்லியிருப்பாள், பஞ்சாயத்து எங்கே கூடியிருக்கும், பிள்ளைகள் யாரிடம் போயிருக்கும் என்று ஆளுக்கொரு காட்சியாகக் கதை வளரும். விளம்பரம் முடிவதற்குள் முழுத் தொடரும் தயார். எழுதி வைக்கத்தான் எவருக்கும் நேரமில்லை; மாலைக்குள் கட்டுகளை எண்ணிக் கொடுத்தாக வேண்டும்.